சங்கொலியும் சுற்றறிக்கையும்

பிள்ளையைப் பல்கலைக்கழகத்திற் சேர்த்துவிட்டு இல்லம் திரும்பும் பெற்றோரின் பையில் ஒரு கட்டுத் தாள் இருக்கும். கட்டணம் செலுத்திய சீட்டு, விடுதியின் விதிமுறைகள், ராகிங் என்னும் பகடிவதைக்கு எதிரான உறுதிமொழி, அவசரத் தொடர்பு எண் கேட்கும் படிவம் என அவை பலவாகும். கட்டணச் சீட்டை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றோம். மற்றவற்றில், அலுவலர் விரல் காட்டிய இடமெல்லாம் கையொப்பமிட்டோமேயன்றி, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று நம்மிற் பலர் படித்துப் பார்த்ததில்லை. பிள்ளைகளோ நம்மினும் ஒரு படி மேல். கைப்பேசிக்கு வரும் பல்கலைக்கழக அறிவிப்புகளைத் திறவாமலே நீக்கிவிடுகின்றனர்.

இந்த அசட்டைக்கு அவர்களையோ நம்மையோ மட்டும் குறை கூறுவதற்கில்லை. சுற்றறிக்கையின் நடை அப்படிப்பட்டது. “மேற்பொருளிற் கண்டவாறு” என்று தொடங்கி, “இதனால் தெரிவிக்கப்படுகின்றது” என்று முடிவதற்குள், எது தெரிவிக்கப்பட்டது என்பதே படிப்பவருக்கு மறந்துவிடும். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளும், தீயணைப்புப் பயிற்சியின் நாளும், தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளும் ஒரே குரலில் ஓதப்படும்பொழுது, காது மூன்றையும் ஒன்றாகவே தள்ளிவிடுகின்றது.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. பாதுகாப்பைப் பற்றிய பல விதிகளுக்குப் பின்னே ஓர் உயிரின் இழப்பு இருக்கின்றது. அவ்விழப்பு மீண்டும் நேராதிருக்கவே அறிவிப்பு எழுதப்படுகின்றது. அது காலத்தில் வந்ததா, கேட்போருக்கு விளங்கும் மொழியில் வந்ததா, கேட்போர் நம்பும் வாயிலிருந்து வந்ததா என்னும் மூன்றையும் பொறுத்தே உயிர்க்காப்பாகவோ வெறுந்தாளாகவோ முடிகின்றது. இவ்வுண்மையைக் கற்பிக்கும் இடம் ஒன்று நமக்கு மிக அண்மையிலேயே இருக்கின்றது. அது கோலார் தங்கவயலும், அதன் பக்கத்து ஊராகிய பூதிகோட்டையுமே ஆகும். அங்கிருந்து தொடங்கிப் பல்கலைக்கழக வளாகம் வரை செல்வோம்.

சுரங்கத்தார் கற்ற பாடம்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயலில் காலூன்றிய பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அணியணியாய் இங்கு வந்தன. வானம் பொய்த்த நிலத்தையும், சாதியின் கொடுமை தாங்காத சேரியையும் விட்டு, பிழைப்பு ஒன்றையே நாடிப் பெயர்ந்தவர்கள் அவர்கள். இன்று கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவர்களே முன்னோர் எனலாம். தெரியாத ஊர், தெரியாத சட்டம், அதிகாரியின் வாயில் விளங்காத மொழி ஆகிய மூன்றையும் முதலில் எதிர்கொண்டவர்கள் இவர்களே.

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கு வந்து சேர்ந்தது. அதன் துணையால் சுரங்கம் மேலும் மேலும் ஆழ்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்திற் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேற்பட்டது. வெப்பத்தினும் கொடியது பாறை வெடிப்பு. மேலுள்ள மலையளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறை, தாதுவை வெட்டி எடுத்த இடத்தில் தாங்கும் வலியிழந்து திடீரெனச் சிதறும். கீழே தொழிலாளர் மாள்வர். மேலே வீட்டுச் சுவர்கள் அதிரும்.

முறை மாறும் வேளையைச் சங்கொலி ஊருக்கு அறிவித்தது. ஆனால் பாறை வெடித்த வேளையைப் பூமியே அறிவித்தது. அடுப்பின் மேலிருந்த பாத்திரம் குலுங்கியதும், வேலைக்குச் சென்றவர் எந்தச் சுரங்கத்தில் எந்த மட்டத்தில் இருக்கின்றார் என்ற ஒரே கேள்வியோடு பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடினர். அவ்வேளையில் அவர்களுக்கு வேண்டியது ஆறுதலுரை அன்று, உண்மையான செய்தி. எங்கே வெடித்தது, யார் மேலே வந்தனர், யார் வரவில்லை என்பதை உடனுக்குடன் தெளிவாகக் கூறும் ஒரு குரல் வேண்டியிருந்தது. குரல் தாமதித்த இடத்தை வதந்தி வந்து நிரப்பும். இது சுரங்கத்திற்கு மட்டுமன்று, எல்லா இடத்திற்கும் பொதுவாகிய நியதி.

அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. வெட்டிய வெற்றிடத்தைக் கருங்கற்கட்டினால் நிரப்பிப் பாறையைத் தாங்கச் செய்தனர். எவ்விடத்தை முன்னும் எவ்விடத்தைப் பின்னும் வெட்டுவது என்று வரிசை வகுத்தனர். நில அதிர்வை அளக்கும் கருவிகளை நிறுவி ஆராய்ந்தனர். 1988-ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இத்தங்கவயலிலேயே தோற்றுவிக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய ஆங்கில அறிஞர்களுடன் கூடி, சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். தொழிலாளி தாதுவை வெட்டிய அதே இருட்டில் பேராசிரியரும் ஆராய்ச்சி செய்தார். பாறைக்கு இருவரும் ஒன்றே. எச்சரிக்கை இருவருக்கும் ஒரே அளவு தேவைப்பட்டது.

விளங்காத ஆணை

நல்ல நோக்கமுடைய அறிவிப்பாயினும், நம்பிக்கையில்லாத இடத்தில் அது தீயாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கும் தங்கவயலே சான்று. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துப் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நிருவாகத்தின் கண்ணுக்கு அது ஒரு பதிவேட்டுக் காரியம். தொழிலாளியின் கண்ணுக்கோ, குற்றவாளியின் கையைப் பிடித்து மையில் அழுத்தும் செயல். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். சுரங்கங்கள் பல நாள் ஓய்ந்து கிடந்தன. மேலிருந்து இறங்கிய தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அதை யார் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பதே பெரிதாயிற்று.

தம் மொழியில் தாமே பேசிக்கொள்ள ஓர் ஏடு வேண்டும் என்ற உணர்வும் இம்மண்ணில் அன்றே இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின், 1920-களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பகலெல்லாம் பாறை குடைந்தவர் மாலையில் விளக்கடியிற் கூடித் தம்மைப் பற்றிய எழுத்தைத் தம் மொழியிற் படிக்க ஓர் ஏடு கிடைத்தது. குடிபெயர்ந்தோர் நடத்தும் இதழ் ஒவ்வொன்றும், இதனையும் சேர்த்து, அந்த மரபின் கிளையே என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

பூதிகோட்டையின் குரல்

தங்கவயலுக்கு அருகே, பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ளது பூதிகோட்டை. பூதி என்பது சாம்பல். சாம்பற்கோட்டை என்று ஊர்ப் பெயருக்குப் பொருள் கூறுவர். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் இதனைப் போற்றுகின்றன. கோட்டையின் சிதைவும் பாறைக் குன்றும் இன்றும் பழம்புகழ் பேசி நிற்கின்றன. ஆயினும் இருபத்தோராம் நூற்றாண்டில் இவ்வூர் பேர் பெற்றது வாளால் அன்று, ஓர் ஒலிபெருக்கியால்.

1995-ஆம் ஆண்டில், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, எளிய மக்களும் வானொலி நடத்த இடமளிக்க வேண்டுமென்று கோரும் பெங்களூர்ப் பிரகடனம் வெளியாயிற்று. அம்முயற்சியில் முன்னின்ற ‘வாய்சஸ்’ அமைப்பும், சிற்றூர் மேம்பாட்டுப் பணியில் நெடுநாள் அனுபவமுள்ள ‘மைராடா’ அமைப்பும், யுனெஸ்கோவின் துணையோடு, இப்பூதிகோட்டையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவின. ‘நம்ம த்வனி’ என்பது அதன் பெயர். கன்னடத்தில் ‘நம் குரல்’ என்று பொருள். சுற்றுவட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்களே அதற்கு முதுகெலும்பாயின.

குரல் இருந்தது, ஆனால் வானலைக்கு உரிமை இல்லை. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு சமுதாய வானொலிக்குக் கதவைச் சற்றே திறந்தபொழுது, அதனுள் நுழைய நன்கு நிலைபெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இசைவு தந்தது. பல்கலைக்கழக வளாகத்திற்கு அலை உண்டு, சிற்றூருக்கு இல்லை. பூதிகோட்டை மக்கள் அதற்காகச் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. பதிவு செய்த நாடாக்களை ஒலிபெருக்கி வைத்து ஊர்க் கூட்டத்தில் ஒலிக்கச் செய்தனர். பின்னர், 2003-ஆம் ஆண்டில், வீடுகளுக்குச் சென்ற தொலைக்காட்சிக் கம்பியிலேயே தம் ஒலியையும் அனுப்பினர். அலை மறுக்கப்பட்ட குரல் கம்பியைப் பற்றிக்கொண்டு வீடு புகுந்தது.

அவ்வொலிபரப்பில் வந்தவை யாவை? உழவு, உடல்நலம், சந்தை நிலவரம், ஊராட்சிக் காரியம், குடிநீர். ஊரிற் குடிநீருக்கு முட்டுப்பாடு நேர்ந்தபொழுது, பெண்களின் முறையீட்டை நாடாவிற் பதிந்து ஒலிக்கச் செய்ததும், அதன் பின் அதிகாரிகள் விரைந்து குழாய்களைச் சீர் செய்ததும் அக்காலத்திற் பலராலும் பேசப்பட்டன. மனுவாக எழுதிக் கொடுத்தால் கோப்பில் உறங்கும் செய்தி, ஊர் முழுதும் கேட்கும் குரலாக வந்தபொழுது உறங்க இடமின்றிப் போயிற்று.

வளாகத்தின் வானொலி

கல்வி நிறுவனங்களுக்குக் கிடைத்த அந்த உரிமையை முதலிற் பயன்படுத்தியது நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகமே. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் அங்கு ‘அண்ணா எப்.எம்.’ ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. சில கிலோமீட்டர்த் தொலைவே எட்டக்கூடிய சிறு நிலையமாயினும், வளாகத்தின் மதிலைத் தாண்டிச் சுற்றுப்புறக் குடும்பங்களின் நலத்தையும் அது பேசியது. 2006-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புதிய கொள்கை, தொண்டு அமைப்புகளுக்கும் அந்த உரிமையை விரித்தது. 2008-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு வடமேற்கே மாச்சனூர் என்னும் சிற்றூரில், தாழ்த்தப்பட்ட உழவர் மகளிரின் ‘சங்கம் ரேடியோ’ ஒலித்தது. பூதிகோட்டை கம்பி வழியே தேடிய வழி, நாடெங்கும் அலை வழியே திறந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும. சமுதாய வானொலியும் தனியார் பண்பலை நிலையங்களும் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்புதல் கூடாது என்பது நம் நாட்டின் விதி. ஆனால் தனியார் பண்பலைக்காக 2011-ஆம் ஆண்டில் அரசு வகுத்த கொள்கை சிலவற்றைச் ‘செய்தி அல்லாதவை’ என்று பிரித்து இசைவளித்தது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் வழங்கல், இயற்கைப் பேரிடர், நோய் எச்சரிக்கை ஆகியனவே அவை. சட்டத்தின் கண்ணுக்கு இவை செய்தி அல்லவாம்! ஆனால், அமைச்சர் மாறியதை ஒரு வாரம் கழித்து அறிந்தாலும் நமக்கு ஊறில்லை. புயல் வருவதையும், தண்ணீரில் நஞ்சு கலந்ததையும், விடுதியில் தீப்பற்றியதையும் ஒரு மணி நேரம் கழித்து அறிந்தால் என்ன ஆகும்? செய்தி அன்று என்று ஒதுக்கப்பட்டவையே உயிருக்கு மிக அணித்தான செய்திகள்.

இரண்டு மணி நேரம்

ஒரு மணி நேரம் என்ன செய்யும் என்பதைத் தமிழர் ஒருவரின் உயிரைக் கொடுத்து உலகம் கற்றது.

ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்திற் பிறந்தவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி கற்று, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கால்நூற்றாண்டுக் காலம் நீரியல் கற்பித்தவர். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், திங்கட்கிழமை காலை, நாரிஸ் கட்டடத்தில் அவர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை 7.15 மணியளவில் அவ்வளாகத்தின் மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டனர். சுட்டவன் பிடிபடவில்லை. பல்கலைக்கழகம் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பியபொழுது மணி 9.26. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, எச்சரிக்கையாயிருங்கள் என்று அது கூறியது. சுட்டவன் பிடிபடாமல் இருக்கின்றான் என்று கூறவில்லை. லோகநாதனின் வகுப்பு 9 மணியை ஒட்டித் தொடங்கிவிட்டது. 9.40 மணியளவில் அவன் நாரிஸ் கட்டடத்தில் வகுப்பறை வகுப்பறையாக நுழைந்தான். அன்று கொல்லப்பட்டோர் 32 பேர். அவர்களுள் லோகநாதனும் ஒருவர். மும்பையைச் சேர்ந்த மாணவி மினல் பஞ்சாலும் ஒருவர்.

மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக் குழு, அதே ஆண்டு ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. இருவர் கொல்லப்பட்டதை வளாகம் முழுமைக்கும் முன்னரே அறிவித்து எச்சரித்திருக்க வேண்டும் என்று அக்குழு கூறிற்று. அறிவித்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் அன்று வகுப்புக்குப் போவதா, அறையிலேயே இருப்பதா என்று தாமே முடிவு செய்யும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பைத் தருவதே அறிவிப்பின் கடமை. தங்கவயலின் சுரங்க வாயிலில் நின்ற பெண்கள் வேண்டியதும் இதுவன்றோ!

இத்துறையில் அமெரிக்காவில் முன்பே ஒரு சட்டம் இருந்தது. 1986-ஆம் ஆண்டில் லீஹாய் பல்கலைக்கழக விடுதி அறையில் கொலையுண்ட ஜீன் கிளரி என்னும் மாணவியின் பெற்றோர் ஓயாது முயன்றதன் பயனாக, 1990-ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. வளாகத்தில் நிகழும் குற்றங்களின் கணக்கைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாணவரை அச்சுறுத்தும் குற்றம் நேர்ந்தால் உரிய காலத்தில் எச்சரிக்க வேண்டும் என்பன அதன் விதிகள். வர்ஜீனியா நிகழ்ச்சிக்குப் பின், 2008-ஆம் ஆண்டில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. உயிருக்கு உடனடியாக ஆபத்து என்று உறுதியானவுடன், தாமதமின்றி அனைவருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. இன்று நம் பிள்ளையின் கைப்பேசி அதிர்ந்து ஒரு குறுஞ்செய்தி வருகின்றதெனில், அதன் பின்னே இத்தனை பேருடைய நினைவு இருக்கின்றது.

சிதம்பரம் தந்த படிப்பினை

கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. 1996-ஆம் ஆண்டு நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவர் பொன் நாவரசு பகடிவதையின் விளைவாகக் கொலையுண்டதை நாம் மறந்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரின் மகன் அவர். கல்வியுலகின் உச்சியில் இருந்த தந்தைக்கே தன் மகனின் விடுதியில் நடந்தது காலத்தில் எட்டவில்லை என்றால், மற்றவர் நிலை யாது? தமிழ்நாட்டில் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1997-ஆம் ஆண்டில் வந்தது. 2009-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறையை வகுத்தது. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் தனித்தனியே உறுதிமொழி அளிக்க வேண்டும் என்று அது விதித்தது.

தொடக்கத்திற் குறித்த அந்தத் தாள் கட்டில், நாம் படியாமற் கையொப்பமிட்ட உறுதிமொழி இதுவே. அது நம் பிள்ளை பிறரைத் துன்புறுத்தமாட்டான் என்பதற்கு மட்டும் உறுதியன்று. அவன் துன்புறுத்தப்பட்டால் எங்கு முறையிடுவது, நிறுவனம் என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதையும் அவ்வொழுங்குமுறை கூறுகின்றது. 2015-ஆம் ஆண்டில் அதே மானியக் குழு, மாணவர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. படித்தவனுக்கு அது கேடயம். படியாதவனுக்கு அது மற்றுமொரு தாள்.

நாம் செய்யத்தக்கவை

தங்கவயலிற் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. சுரங்கத்தாரின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூரில் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். 2017-ஆம் ஆண்டில் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மேற்படிப்புக்காக அயல்நாடு சென்றோரும் பலர். பாட்டனைச் சூழ்ந்திருந்த இடர் பாறை. பேரனைச் சூழ்ந்திருக்கும் இடர் வேறு. ஆனால் வேண்டப்படும் பழக்கம் ஒன்றே. அதனைப் பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிள்ளை சேர்ந்த முதல் வாரத்திலேயே, பல்கலைக்கழகத்தின் அவசர அறிவிப்பு அவன் கைப்பேசிக்கு வரும்படி பதிவு செய்யப்பட்டிருக்கின்றதா என்று கேட்க வேண்டும். ஊர் மாறி எண் மாறியபொழுது பழைய எண்ணே பதிவில் நின்றுவிடுவது பலருக்கும் நேரும் பிழை. நம் எண்ணும் அவசரத் தொடர்பாகச் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தல் நன்று.

இரண்டாவது, அறிவிப்புகளைத் தரம் பிரிக்கக் கற்பிக்க வேண்டும். கட்டணம், தேர்வு, விடுமுறை பற்றியவை நாளைக்கும் படிக்கலாம். பாதுகாப்பு, வானிலை, உடல்நலம் பற்றியவை அக்கணமே படிக்கத்தக்கவை. விடுதியில் தீ வெளியேறும் வழி எங்கே, கூடும் இடம் எங்கே என்பதைத் தீயில்லாத நாளில் நடந்து பார்த்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுதல் என்பது நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற முதுமொழி.

மூன்றாவது, உதவி கோரும் எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் எவ்வகை அவசரத்திற்கும் எண் 112. பகடிவதை பற்றி முறையிட மானியக் குழுவின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-5522. அமெரிக்காவிற் பயில்வோரின் பெற்றோர், பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள் வெளியிடும் பாதுகாப்பு அறிக்கையைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அது யாவரும் காணும்படி வெளியிடப்படுவது. கேட்டுப் பெற அஞ்ச வேண்டுவதில்லை.

நான்காவதே மிக இன்றியமையாதது. விளங்காத அறிவிப்பை விளங்கியதுபோல் ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வந்த தாளைப் படிக்கத் தெரியாத தாய்மார் நம்மிடையே பலர் உள்ளனர். அதனைப் பிறரிடம் கேட்பதிற் கூச்சம் வேண்டா. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கலும் இலக்கிய விழாவும் நடத்துகின்றன, மிக நன்று. அவற்றோடு, கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மூத்த மாணவர் இருவரை அமர்த்தி, இத்தாள்களைத் தமிழிற் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தால், ஒரு குடும்பமேனும் உரிய காலத்தில் உரிய கதவைத் தட்டும். பூதிகோட்டை மகளிர் கைவசம் இருந்தவை ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், ஊரைப் பற்றிய அக்கறையுமே. அதற்கு மேல் நமக்கும் ஒன்றும் வேண்டுவதில்லை.

நிருவாகத்தாருக்கும் ஒரு சொல். அறிவிப்பை அனுப்பிவிட்டோம் என்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. அது சென்று சேர்ந்ததா என்பதும் அவர்கள் கடமையே. பாதுகாப்புச் செய்தியைத் தேர்வுச் செய்தியினின்று பிரித்துத் தனிக்குரலில் கூறுக. மாணவருக்கு விளங்கும் மொழியிற் கூறுக. கெட்ட செய்தியை மறைக்காது கூறுக. மறைத்த செய்தி வதந்தியாய் வளர்ந்து திரும்பி வரும். விரல் ரேகை கேட்ட 1930-ஆம் ஆண்டின் ஆணையைப் போல், கேட்போரைக் கலக்காது இறங்கும் ஆணை எத்துணை நன்மை கருதியதாயினும் நம்பிக்கை பெறுவதில்லை.

தங்கவயலில் இன்று சுரங்கச் சங்கு ஒலிப்பதில்லை. மேலே சயனைடு மேடுகள் மட்டும் சாம்பல் நிறத்தோடு நிற்கின்றன. காற்று வீசும் காலத்தில் அவற்றின் புழுதி வீடுகளுட் புகுகின்றது. நீர் நிறைந்த பழஞ்சுரங்கங்களின் மேல் நிலம் அதிர்ந்ததும் உண்டு. அங்கே வாழ்வோர்க்கும் காலத்தில் வரும் தெளிவான சொல் இன்றும் தேவையாகவே இருக்கின்றது. பாட்டனார் சங்கொலிக்குச் செவி கொடுத்து நாளைத் தொடங்கினார். பேரனின் சங்கு அவன் சட்டைப்பையில் இருக்கின்றது. அது ஒலிக்கும்பொழுது எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டுவோம். பார்த்ததை நமக்கும் தமிழிற் சொல்லச் சொல்வோம். அவ்வளவு செய்தாலே, நம் இல்லத்துப் பிள்ளைகள் சென்ற இடமெல்லாம் நலமே இருந்து, நலமே திரும்புவர்.